“துக்கம் காக்க முறை இல்லை என்கிறார்கள்... நான் எங்கே போய் அழுவது?”

அன்புள்ள மேடத்துக்கு,

எனக்கு வயது 36. சொந்த ஊர் கோவை. வேலைக்காக அமெரிக்கா வந்த இடத்தில் என் கணவரைச் சந்தித்தேன். அவர் யூதர், அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூதர்) குடும்பம், ஆசாரம் குறையாதவர்கள். இரண்டு வருடம் படித்து, மூன்று ராபிகள் (யூத குருமார்) கொண்ட சபையின் மூலம் நானும் யூத மதத்துக்கு மாறினேன். யாரும் வற்புறுத்தவில்லை, மனசார மாறினேன். கல்யாணமாகி ஏழு வருடம். நியூ ஜெர்சியில் டீனெக்கில் இருக்கிறோம்.

இரண்டு வருடம் முன்பு இயற்கையாகத் தங்கிய கரு எட்டாவது வாரத்தில் கலைந்தது. பிறகு ஐ.வி.எஃப். என்ற செயற்கைக் கருத்தரிப்பு. இரண்டாவது முயற்சியில் தங்கியது. போன ஜூனில், 11-வது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்தார்கள். அதற்குப் பிறகு நாலு வாரம் உதிரப்போக்கு விட்டுவிட்டு இருந்தது. அது நின்று ஏழு சுத்த நாள் எண்ணி, மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுகப் போகும்வரை, அதாவது ஐந்து வாரம், என் கணவர் என்னைத் தொடவில்லை. முறை அப்படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று காபி போட்டுக்கொண்டு வந்தார். கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். அந்தக் கப் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

இறந்தவர்களுக்காக ஷிவா உட்காருவார்கள், ஏழு நாள் வீட்டுக்குச் சாப்பாடு வரும். எங்களுக்கு அது கிடையாது. முப்பது நாள் வாழாத உயிருக்குத் துக்க முறை இல்லையாம். மாமியாருக்குக்கூடப் பிறகுதான் தெரியும், மூன்று மாதம் யாருக்கும் சொல்லக்கூடாது என்பதால். தெரிந்த ஒரு உறவினர், “கடவுள் நல்லவர்களின் ஜெபத்தைக் கேட்க ஆசைப்படுகிறார்” என்றார். இன்னொருவர், மதம் மாறியதில் ஏதாவது குறை இருந்திருக்குமோ என்று கேட்டார். பத்து வருடம் குழந்தை இல்லையென்றால் விவாகரத்து என்று சட்டமே இருக்கிறது என்றும் காதில் விழுந்தது.

இன்னும் இரண்டு வாரத்தில் ரோஷ் ஹஷானா, யூதப் புத்தாண்டு. ஆலயத்தில், குழந்தைக்காக அழுது வேண்டிய அன்னாளின் கதை வாசிப்பார்கள். அக்டோபரில் நாத்தனாருக்குப் பிரசவம். ஆண் குழந்தையாம், விருத்தசேதனத்தன்று (சுன்னத்துச் சடங்கன்று) குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் கௌரவத்தை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையில்லாதவர்களுக்கு நல்லதாம். எனக்கு நினைத்தாலே கை நடுங்குகிறது.

அம்மா திருக்கருகாவூரில் பூஜை செய்த நெய்யைத் தெரிந்தவர் மூலம் அனுப்பியிருக்கிறார். சாப்பிடவும் முடியாது, தூக்கிப்போடவும் மனசில்லை. அலமாரிக்குள் இருக்கிறது. மாதவிலக்கு எனக்கு 24 நாளுக்கு ஒருமுறை வரும், ஆறு நாள் இருக்கும். மறுபடி ஐ.வி.எஃப். போகலாமா, விட்டுவிடலாமா என்றே தெரியவில்லை. தூக்கமும் சரியில்லை.

பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி

•

அன்புச் சகோதரிக்கு,

காபிக் கப்பிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் கனமான இடம் அதுதான். கலைந்த கருவுக்காக அழும் பெண்ணைக் கட்டியணைத்துத் தேற்றுவதைத்தான் உலகம் முழுக்கச் செய்வார்கள். ஆசார யூத வீட்டிலோ அதே நாளில் அவள் ‘நித்தா’ ஆகிவிடுகிறாள். தொடக்கூடாது, ஒரே படுக்கை கூடாது, பொருளைக் கைக்குக் கை தரக்கூடாது. இந்த விலகல் விதிகளுக்கு எபிரேயத்தில் ‘ஹர்ஹாக்கோத்’ என்று பெயர், தூரப்படுத்துதல் என்று பொருள். நம் பாட்டிமார் ‘வீட்டுக்குத் தூரம்’ என்று சொன்னார்களே, அதே சொல்தான். அதனால் உங்கள் மனம் இந்தத் தூரத்தை ‘தீட்டு’ என்றே படித்திருக்கும். உங்கள் கணவர் அப்படிப் படித்திருக்க மாட்டார். சிறு வயதிலிருந்து அவருக்குச் சொல்லித்தரப்பட்டது, இது மண வாழ்க்கையின் தாளம் என்று. ஒரே கப்பை இருவரும் இரண்டு மொழியில் பார்த்திருக்கிறீர்கள். இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? “நீ தள்ளி நின்றபோது என்னை அசுத்தம் என்று நினைத்தாய் என்று எனக்குப் பட்டது” என்ற ஒரு வாக்கியம் போதும். அவர் அதிர்ந்துபோவார் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, நீங்கள் இருவரும் கேட்காமல் விட்ட கேள்வி. நான் ராபி அல்ல, தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஹலாகா என்ற யூத மதச் சட்டம், கேட்டுப் பெறும் சட்டம். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “கர்ப்பம் கலைந்து பத்து நாள் ஆகிறது, மனைவி இரவெல்லாம் தூங்காமல் அழுகிறாள், கையைப் பிடித்துக்கொள்ளலாமா?” என்று நிலைமையை அப்படியே சொல்லிக் கேட்டால், ராபி அந்தப் பெண்ணின் உடல்நிலையையும் மனநிலையையும் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இப்படிக் கேட்க வெட்கப்படுபவர்களுக்காகவே ‘யோவெத்சேத் ஹலாகா’ என்ற பெண் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1990-களின் பிற்பகுதியில் ஜெருசலேமின் நிஷ்மத் கல்வி நிலையம் தொடங்கிய பயிற்சி அது. இன்று அமெரிக்காவிலும் பல ஊர்களில் இருக்கிறார்கள், தொலைபேசியிலும் கேட்கலாம்.

உதிரப்போக்கையும் கேட்க வேண்டும். டி அண்ட் சி ஆன பிறகு பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நாலு வாரம் இழுத்தால் கருப்பையில் திசு ஏதாவது தங்கியிருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் பார்த்திருக்க வேண்டும், எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு இறங்கியதா என்றும் பார்த்திருக்க வேண்டும். இப்போதாவது மருத்துவரிடம் கேளுங்கள், உள்ளே ஒட்டுத்தழும்பு விழுந்திருந்தால் அடுத்த முயற்சிக்கு அது தடை. இன்னொன்று, துணியில் படும் எல்லாக் கறையும் நித்தா ஆகாது. வெளிர்பழுப்பு நிறம் பல நேரம் அனுமதிக்கப்படும். கருப்பையிலிருந்து வராமல் கருப்பை வாயிலோ பிறப்புறுப்பின் சுவரிலோ உள்ள கீறலிலிருந்து வந்த ரத்தத்துக்கும் கணக்கு வேறு. ஐ.வி.எஃப்.-இல் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரைகூட அந்த இடத்தை உறுத்திச் சிவப்பு காட்டும். எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற செவிலியர்களை ‘போதேகெத்’ என்பார்கள். ஐந்து வாரத்தில் எத்தனை நாள் உண்மையில் தேவைப்பட்டது, எத்தனை நாளை நீங்களே பயத்தில் சேர்த்துக்கொண்டீர்கள் என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

தொடாத நாட்களிலும் செய்ய முடிந்தவை இருக்கின்றன. நடுவில் ஒரு தலையணை வைத்து ஒரே சோபாவில் உட்காரும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கணவர் கப்பை மேசையில் வைத்தாலும் தள்ளி நிற்காமல் எதிரே உட்காரலாம், அதோடு நாலு வரி எழுதிய தாளையும் வைக்கலாம். அம்மா, சகோதரி, தோழி யாராவது ஒரு பெண் வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளத் தடையே இல்லை. ஆனால் அதற்கு அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மாதம் மூடி வைக்கும் வழக்கம் கண் திருஷ்டிக்குப் பயந்து வந்தது, சட்டம் அல்ல. கர்ப்பத்தை மறைத்தால் இழப்பையும் மறைக்க வேண்டியதாகிவிடுகிறது. அடுத்த முறை, உள்ளே வைத்துக்கொள்ளத் தெரிந்த இரண்டே இரண்டு பேருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் உங்களுக்கு, ஒருவர் அவருக்கு.

‘துக்கம் காக்க முறை இல்லை’ என்பதற்கு வருகிறேன். பிறந்து முப்பது நாள் தாண்டாத குழந்தைக்கு ஷிவா இல்லை என்பது உண்மை. நம் ஊரிலும் பிஞ்சுகளுக்குப் பெரியவர்களுக்குப் போலக் காரியம் செய்வதில்லை, இல்லையா? பிறப்பதில் பாதி பிழைக்காத காலத்தில், ஒரு தாயை ஆண்டு தவறாமல் தரையில் உட்கார வைக்க வேண்டாம் என்ற இரக்கமும் அதில் இருந்தது என்று விளக்குவார்கள். அந்த இரக்கம்தான் இன்று, ஒரே ஒரு கர்ப்பத்துக்காக வருடக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்குக் கதவடைப்பாகத் தெரிகிறது. ஒரு தலைமுறைக்கு முன்வரை இறந்து பிறந்த குழந்தைகளை அடக்கச் சங்கத்தார் எடுத்துச் சென்று அடக்கம் செய்துவிட்டு, பெற்றோருக்கு இடத்தைக்கூடச் சொல்லாத நிலை பல ஊர்களில் இருந்தது. இப்போது கேட்கும் பெற்றோர் அதிகம், காட்டும் சங்கங்களும் அதிகம்.

ஆனால் முறை இல்லை என்பதற்கும் இழப்பு இல்லை என்பதற்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் காதில் விழுந்த பத்து வருட விஷயத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், யெவமோத் என்ற பகுதியின் ஆறாம் அதிகாரத்தில் அந்த விதி வருகிறது. அதே இடத்தில், கர்ப்பம் கலைந்திருந்தால் கலைந்த நாளிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதாவது, துக்க விதியில் கண்டுகொள்ளப்படாத அந்தக் கர்ப்பம் இங்கே நடந்த நிகழ்ச்சியாக எண்ணப்படுகிறது. உங்களிடம் முதல் பாதியை மட்டும் சொன்னவருக்கு மறுபாதி தெரியாது. இன்று எந்த ராபி மன்றமும் இதற்காக யாரையும் பிரியச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. பலுகிப் பெருகுங்கள், அதாவது பிள்ளை பெற்றுப் பெருகுங்கள் என்ற கட்டளையும் ஆணின் மேல் உள்ள கடமை, பெண்ணின் மேல் அல்ல என்பதுதான் ஏற்கப்பட்ட தீர்ப்பு. நீங்கள் எந்தக் கட்டளையையும் தவறவில்லை. உங்கள் கணவருக்கோ அது உள்ளுக்குள் அழுத்தும் சுமையாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். முடியாமற்போனவனைத் தோரா (யூத வேதம்) குற்றம் சொல்வதில்லை என்பது அவருக்கும் தெரியும், ஆனாலும் யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

மதம் மாறியதில் குறையா என்று கேட்டவர், ஜெப ஆசை பற்றிச் சொன்னவர் இருவருக்கும் ஒரே பக்கத்தில் பதில் இருக்கிறது. மிஷ்னாவை விரித்துப் பேசும் தால்மூதில், பாவா மெத்சியா என்ற பகுதியின் 58-வது ஏட்டில், சொல்லால் புண்படுத்துவது எது என்று பட்டியல் போடுகிறார்கள். மதம் மாறி வந்தவருக்குப் பழசைச் சொல்லிக் காட்டுவது அதில் ஒன்று. நோயில் விழுந்தவரிடமோ பிள்ளைகளைப் புதைத்தவரிடமோ, யோபுவின் நண்பர்கள் பேசியதுபோல ‘குற்றமில்லாமலா இது வந்தது’ என்று பேசுவது இன்னொன்று. இரண்டும் தடை. ‘நல்லோரின் ஜெபத்தைக் கடவுள் விரும்புகிறார்’ என்ற வாக்கியமும் தால்மூதில் இருப்பதுதான். ஆனால் அது ஆதி முன்னோரைப் பற்றிச் சொன்னது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கருப்பைக்கு எழுதிய மருந்துச்சீட்டு அல்ல. எதிர்த்து வாதாட உங்களுக்குத் தெம்பு இல்லையென்றால், “அந்தப் பேச்சு எனக்கு வலிக்கிறது, வேறு பேசலாம்” என்பதோடு நிறுத்துங்கள். உறவினரிடம் பேசும் வேலை உங்கள் கணவருடையது. அவர் வீட்டார் அவர்கள்.

இழப்புக்கு நீங்களாக ஓர் இடம் கொடுக்கலாம். டீனெக்கிலேயே நெஹாமா கம்ஃபர்ட் என்ற அமைப்பு கருக்கலைவு, குழந்தை இழப்பு கண்ட யூதக் குடும்பங்களுக்காகவே நடக்கிறது. வாரக்கணக்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போகலாம். ஏ டைம் என்ற நியூயார்க் அமைப்பு குழந்தைப்பேறு சிகிச்சையில் இருப்பவர்களுக்கானது. பாஸ்டன் அருகே நியூட்டனில் 2004-இல் தொடங்கிய மயிம் ஹயிம் மிக்வேயில் கரு கலைந்த பின் முழுகுவதற்கென்றே தனி வாசகங்கள் வைத்திருக்கிறார்கள். உங்கள் பிரிவு வேறு, ஆனால் அந்த வார்த்தைகளை உங்கள் மிக்வேயில் மனதுக்குள் சொல்லிக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். மிக்வேக்குப் போவதே உங்களுக்கு மாதாமாதம் ‘இந்த முறையும் இல்லை’ என்ற அறிவிப்பாகிவிட்டது. அதனால் போகும் முன் அங்கே இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து, கூட்டமில்லாத நேரம் கேளுங்கள், வாழ்த்து எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல.

இனி நீங்கள் கடைசியில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுப் போன விஷயம். 24 நாள் சுழற்சி, ஆறு நாள் உதிரம். இதைப் படித்ததும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்கள். ஆறாம் நாள் சூரியன் மறையுமுன் ரத்தம் நின்றதை உறுதி செய்கிறீர்கள். ஏழிலிருந்து பதின்மூன்று வரை ஏழு சுத்த நாட்கள். பதின்மூன்றாம் நாள் இரவு மிக்வே. கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு, அதாவது 24 நாள் சுழற்சியில் பத்தாம் நாளை ஒட்டி. வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. நீங்கள் மிக்வேயிலிருந்து வீட்டுக்கு வரும்போது முட்டை போய் மூன்று நாள் ஆகியிருக்கும். இதற்கு ‘ஹலாகா மலட்டுத்தன்மை’ என்றே பெயர் உண்டு. உடலில் குறையே இல்லாமலும் கர்ப்பம் தங்காது. முதல் கர்ப்பம் எப்படித் தங்கியது என்றால், அந்த மாதம் சுழற்சி சற்று நீண்டிருக்கலாம்.

இதை உங்கள் மருத்துவர் கேட்டிருக்க வழியில்லை, அவருக்கு மிக்வே தெரியாது. ராபியும் கேட்டிருக்க மாட்டார், அவருக்கு 24 நாள் தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதலில், முட்டை வெளிவரும் முன் உயரும் எல்.எச். ஹார்மோனைக் காட்டும், கடையில் கிடைக்கும் குச்சியால் ஏழாம் நாளிலிருந்து தினம் பார்த்து, எந்த நாள் உயர்கிறது என்று இரண்டு மாதம் குறியுங்கள். கணக்கு சரியென்று தெரிந்தால் வழிகள் இருக்கின்றன. சுழற்சியின் தொடக்கத்தில் சில நாள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடலாம். ஆறாவது நாள் வருவது வெறும் பழுப்புக் கறை என்றால், அதைக் காட்டி ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாம். மிக்வேக்கு முன்பே கணவரின் விந்தைக் கருப்பைக்குள் செலுத்த அனுமதிக்கும் ராபிகளும் உண்டு. விந்து எடுப்பதற்கும் தனி உறை, தனி முறை இருக்கிறது. 1990-இல் ஜெருசலேமில் தொடங்கிய பூஆ நிறுவனத்தின் வேலையே மருத்துவரையும் ராபியையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது. ஆய்வுக்கூடத்தில் மாதிரிகள் மாறாமல் பார்க்கும் கண்காணிப்பாளர்களையும் அவர்கள் அனுப்புகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. 36 வயதில் சுழற்சி குறுகுவது முட்டைக் கையிருப்பு குறைவதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையும், ஸ்கேனில் சினைப்பை நுண்குமிழ்களின் எண்ணிக்கையும் பார்த்துவிட்டு, காத்திருப்பதா ஐ.வி.எஃப்.-ஆ என்று முடிவு செய்யுங்கள். கையிருப்பு குறைவென்றால் நாள் தள்ள வேண்டாம்.

இரண்டு முறை கலைந்துவிட்டதால் காரணம் தேடும் பரிசோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இருவருக்கும் குரோமோசோம் வரைபடம், கருப்பைக்குள் உப்புநீர் விட்டுப் பார்க்கும் ஸ்கேன், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, ரத்தம் உறையவைக்கும் ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்புப் பொருள்கள். கடைசியாகச் சொன்னது இருப்பதாக வந்தால், 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டே இருக்கிறது என்று முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். அது இருந்தால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்த்துத் தரும் சிகிச்சை இருக்கிறது. ஜூனில் எடுத்த திசுவை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்களா என்றும் விசாரியுங்கள். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவிலேயே இருக்கும் குரோமோசோம் கோளாறு. அப்படி என்று தெரிந்தால், தூக்கிய பக்கெட்டையும் ஏறிய மாடிப்படியையும் நினைத்து நீங்கள் விழித்திருக்க வேண்டியதில்லை.

யூத சமூகத்தில் பிரபலமான மரபணுச் சோதனை ஒன்றில் உங்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 1983-இல் தொடங்கிய டோர் யெஷோரிம் திட்டம் அஷ்கெனாசி மக்களிடையே டே-சாக்ஸ் (குழந்தைகளின் நரம்பு மண்டலத்தை அழிக்கும் பரம்பரை நோய்) போன்றவற்றைத் தடுக்க வந்தது. அவர்களில் ஏறக்குறைய 30 பேரில் ஒருவருக்கு டே-சாக்ஸ் மரபணு உண்டு. ஆனால் அதில் தனி ஆளுக்கு முடிவு சொல்வதில்லை, இரண்டு பேரின் எண்களை ஒப்பிட்டுப் பொருந்துமா என்று மட்டும்தான் சொல்வார்கள். உங்கள் கணவர் பள்ளியில் படிக்கும்போது ரத்தம் கொடுத்திருந்தாலும் அதனால் உங்களுக்குப் பயன் குறைவு. நீங்கள் கோவைக்காரர். உங்களுக்குப் பார்க்க வேண்டியது பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயும் சேர்ந்த விரிவான பட்டியல். ‘யூதப் பட்டியல்’ என்று கிளினிக்கில் டிக் அடித்துவிட்டால் அது விட்டுப்போகும். இந்த நோய்கள் கருக்கலைவுக்குக் காரணம் அல்ல, பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பார்ப்பது.

பணத்தைப் பற்றி ஒரு வரி: நியூ ஜெர்சியில் 2001 முதல், 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களின் குழுக் காப்பீடு நான்கு முட்டை எடுப்பு வரை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் நிறுவனமே பணம் போட்டு நடத்தும் காப்பீடாக இருந்தால் மாநிலச் சட்டம் பொருந்தாது. மனிதவளத் துறையிடம் “நம்முடையது அந்த வகையா?” என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தூக்கமின்மையைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். 2020-இல் வெளியான லண்டன் மருத்துவமனைகளின் ஆய்வொன்றில், தொடக்ககாலக் கரு இழப்புக்கு ஒரு மாதம் கழித்து 29 சதவீதப் பெண்களிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடுவின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம். ஸ்கேன் அறை திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறதா, அந்த ஆஸ்பத்திரித் தெருவைத் தவிர்க்கிறீர்களா, கர்ப்பிணியைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறதா என்று கவனியுங்கள். ஜூனுக்குப் பிறகு இத்தனை நாளாகியும் இவை இருந்தால், அதிர்ச்சிச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற உளவியலாளரை அடுத்த ஐ.வி.எஃப்.-க்கு முன்பே பாருங்கள். ஹார்மோன் ஊசிகள் அந்த வடுவின் மேல்தான் ஏறும். உயிர் வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு அழையுங்கள். இரவு பகல் இல்லை, ஓய்வுநாள் சப்பாத் ஆனாலும் அழையுங்கள். உயிரைக் காப்பது சப்பாத்துக்கு மேலே என்று உங்கள் ராபியும் சொல்வார்.

ரோஷ் ஹஷானா. முதல் நாள் தோரா வாசிப்பில் சாராளுக்கு ஈசாக்கு பிறப்பதும், அதை அடுத்து சாமுவேல் நூலிலிருந்து அன்னாளும் வரும். இரண்டும் சேர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் போகும். வாசலோரம் உட்காருங்கள். அந்த நேரம் வெளியே போய்விட்டு, ஷோஃபார் என்ற ஆட்டுக்கொம்பு ஊதும்போது உள்ளே வரலாம். ஷோஃபாருக்குத்தான் எல்லாக் குழந்தைகளையும் கூட்டி வருவார்கள், அதுவும் தாங்காது என்றால் மதியம் மறுபடி ஊதும் ஏற்பாடு பல ஆலயங்களில் உண்டு, கேட்டு வையுங்கள்.

போவதற்கு முன் அந்த அதிகாரத்தை வீட்டில் தனியாக ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று சொல்லவும் ஆசைப்படுகிறேன். பண்டிகைச் சாப்பாட்டு மேசையில் அன்னாள் அழுதுகொண்டே சாப்பிடாமல் இருக்கிறாள். கணவன் எல்க்கானா அன்பானவன்தான், “பத்து பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா?” என்கிறான். அந்த ஆறுதல் எடுபடவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துத் திட்டுகிறான், பிறகு திருத்திக்கொள்கிறான். உதடு அசைய, சத்தம் வராமல் அவள் வேண்டியதிலிருந்துதான் எப்படி ஜெபிக்க வேண்டும் என்ற விதிகளையே தால்மூத் எடுக்கிறது. இன்றைக்கும் யூதர் நின்று மெளனமாகச் சொல்லும் அமிதா ஜெபம் அவள் முறை. குழந்தையில்லாத ஒருத்தியின் அழுகையை வருடத்தின் முதல் நாளில் ஊர் கூடி வாசிக்கிறது. கதை குழந்தையில் முடிவதால் உங்களுக்குக் குத்துகிறது, புரிகிறது. முதல் பதினேழு வசனங்களோடு நிறுத்திக்கொண்டால் தவறில்லை.

நாத்தனாரின் குழந்தையை ஏந்தி வரும் ‘க்வாட்டர்’ கௌரவம் வழக்கம்தான், கட்டளை இல்லை. தலையணை மேல் எட்டு நாள் குழந்தையை வைத்து உங்கள் கையில் தருவார்கள், நீங்கள் சில அடி நடந்து கணவரிடம் தர வேண்டும், அத்தனை கண்ணும் உங்கள் மேல் இருக்கும். சிலருக்கு அது இதம், சிலருக்குச் சித்திரவதை. நடுங்கும் கை வேண்டாம் என்கிறது, அதைக் கேளுங்கள். விருத்தசேதனத்துக்கு ஆசாரமானவர்கள் ‘வாருங்கள்’ என்று அழைப்பதே இல்லை, இன்ன நேரம் நடக்கிறது என்று தகவல் மட்டும் சொல்வார்கள், அழைத்து வராமற்போனால் பாவம் சேரும் என்பதால். வர முடியாதவருக்காக முன்னோர் விட்டுவைத்த இடைவெளி அது. பிரசவத்துக்கு முன்பே, இந்த வாரமே, கணவர் தன் தங்கையிடம் சொல்லட்டும்: “உன் அன்பு புரிகிறது, இந்த முறை எங்களால் முடியாது, இன்னொரு நாள் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கிறோம்.” குழந்தை பிறந்த பிறகு சொன்னால் அது மறுப்பாகத் தெரியும். எத்ரோக் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் நுனியைக் கடிப்பது, ராகேல் கல்லறைச் சிவப்புக் கயிறு என்று இன்னும் பல பரிகாரங்கள் வரும். பிடித்தால் செய்யுங்கள். செய்யாததால்தான் தங்கவில்லை என்று ஒருவர் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

நெய். சிலை வழிபாட்டில் படைத்ததை நீங்கள் உண்ண முடியாது, அதை வைத்திருப்பதுபற்றியும் உங்கள் ராபியிடம் கேட்டுவிடுங்கள். சாப்பிட்டேன் என்று மட்டும் அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள், அடுத்த பாட்டில் வரும், அடுத்த பொய்யும் வரும். அம்மாவுக்கு நீங்கள் இரண்டு பேரக்குழந்தைகளை இழந்தது முழுதாகத் தெரியுமா? நெய்யைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைச் சொல்லுங்கள், ஜூனில் ஸ்கேன் அறையில் நடந்ததையும் சொல்லுங்கள். பிறகு, “அம்மா, நீ எனக்காக வேண்டிக்கோ, நெய்யை மட்டும் நான் சாப்பிட முடியாது. முடிஞ்சா ஒரு மாசம் வந்து என் பக்கத்துல இரு” என்று கேளுங்கள். கணவர் தொடக்கூடாத நாட்களில் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொள்ள அம்மாவால் முடியும்.